சனி ஞாயிறு சென்னையில்: ரூம் எங்கே போடுவது, எங்கே சாப்பிடுவது?

மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் சில நேரம் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர்களும் நண்பர்களும் போன் போட்டுக் கேட்கிற கேள்விகள்தான் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சைவம், அசைவம் இரண்டும் உண்டு. விலைவாசி மாறிக்கொண்டே இருப்பதால் தட்டு என்ன விலை என்று எங்கும் எழுதவில்லை.

முதலில் ரூமைப் பார்ப்பதா, சாப்பாட்டுக் கடைகளைப் பார்ப்பதா?

முதலில் பேட்டையை முடிவு செய்யுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இரண்டு நாளைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் யூடியூப் பார்த்து ஒரு பட்டியலோடு வருவார்கள். காலை மயிலாப்பூரில் பொங்கல், மதியம் அண்ணா நகரில் பிரியாணி, மாலை சௌகார்பேட்டை, இரவு ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை. மேப்பில் ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணி என்றுதான் காட்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு பனகல் பார்க்கைக் கடந்து பார்த்தவர்களுக்கு அந்த அரை மணியின் லட்சணம் தெரியும். இப்படிச் சுற்றினால் சாப்பிட்டதை விட ஆட்டோவில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகமாக இருக்கும்.

காலையில் எழுந்து குளித்துவிட்டு நடந்தே போய் டிபன் சாப்பிடுகிற மாதிரி ஒரு இடத்தில் ரூம் போடுங்கள். மற்ற வேளைகளுக்கு மெட்ரோவோ பறக்கும் ரயிலோ கைகொடுக்கும் தூரத்தில் இருந்தால் போதும்.

சரி, எந்தப் பேட்டை?

எதற்காக வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

சாப்பாடும் கோயிலும் கொஞ்சம் கடற்கரையும் என்றால் மயிலாப்பூர்தான். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மாட வீதிகள், நடக்கிற தூரத்தில் நாலைந்து டிபன் கடைகள், திருமயிலை பறக்கும் ரயில் நிலையம். ஒரே குறை, மாட வீதிப் பக்கம் நல்ல ரூம் குறைவு. சற்றுத் தள்ளி ராதாகிருஷ்ணன் சாலைக்கு வந்தால் நியூ உட்லண்ட்ஸ், எதிர்ப்பக்கம் சவேரா என்று பழைய, பெரிய ஓட்டல்கள் இருக்கின்றன. அங்கே தங்கினால் மாட வீதிக்கு ஆட்டோவில் சில நிமிடம்.

கையைக் கடிக்காத வாடகையில், தனியாகவோ நண்பர்களோடோ வருகிறவர்களுக்குத் திருவல்லிக்கேணி. தனி ஆட்கள் வாடகைக்குத் தங்குகிற மேன்ஷன்களுக்குப் பேர்போன இடம், அதனால் மெஸ்களுக்கும் பேர்போன இடம். பார்த்தசாரதி கோயிலும் மெரினாவும் நடக்கிற தூரம். ரூம்கள் சிறியவை, தெருக்கள் அதைவிடச் சிறியவை. காரில் வருகிறவர்கள் இந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

எழும்பூர் வசதியான இடம், அழகான இடமில்லை. தென் மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேரும். கென்னட் லேனிலும் காந்தி இர்வின் சாலையிலும் லாட்ஜ்கள் வரிசையாக இருக்கின்றன. மெட்ரோவும் மின்சார ரயிலும் இரண்டுமே உண்டு. அதிகாலையில் இறங்கி அடுத்த நாள் இரவே திரும்புகிறவர்களுக்கு இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை.

தி.நகரில் கல்யாண ஜவுளி வாங்க வருகிறீர்கள் என்றால் மட்டும் தங்குங்கள். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பைகளைச் சுமந்துகொண்டு நடந்த பிறகு, பக்கத்திலேயே ரூம் இருப்பது பெரிய நிம்மதி. வாங்க எதுவும் இல்லாதவர்களுக்கு அந்தக் கூட்டம் எதற்கு?

ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் ரோடு பக்கம் வாடகை குறைவாகக் கிடைப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்பார்கள். அப்போலோ மருத்துவமனைக்கு வருகிற வெளிமாநில நோயாளிகளும் உடன் வருகிறவர்களும் தங்குகிற இடம் அது. சில இடங்களில் ரூமுக்குள்ளேயே சமையல் மேடை இருக்கும். மோசம் என்று சொல்லவில்லை, உல்லாசமாக இரண்டு நாள் கழிக்க வருகிறவர்களுக்கு அந்தச் சூழல் ஒட்டாது. ஆனால் ஒன்று: வங்காளத்திலிருந்து நிறையப் பேர் வருவதால் அங்கே சிறிய வங்காளச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. கடுகெண்ணெயில் செய்த மீன் குழம்பு சாப்பிட ஆசை இருந்தால் ஒரு மதியம் போய் வரலாம்.

கிண்டி, ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வார இறுதியில் பெரிய ஓட்டல்கள் வாடகையைக் குறைப்பதுண்டு. கம்பெனி வேலையாக வருகிறவர்கள் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடுவதால் அப்படி. கிண்டியில் மெட்ரோ இருக்கிறது, அதனால் பரவாயில்லை. ஓஎம்ஆரில் சோழிங்கநல்லூர் தாண்டி ரூம் போட்டுவிட்டு மயிலாப்பூரில் டிபன் சாப்பிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மகாபலிபுரம் போகிற திட்டம் இருந்தால் அது வேறு கதை.

பெசன்ட் நகர், அடையாறு பக்கம் சாயங்காலம் அருமையாக இருக்கும். ஆனால் ரூம்கள் குறைவு, இருப்பவற்றில் பல சர்வீஸ் அபார்ட்மென்ட்கள்.

இன்னொன்று. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக நகரின் பல சாலைகள் தோண்டப்பட்டு, சில ஒருவழிப் பாதையாக மாற்றப்பட்டிருக்கின்றன. ரூம் போடும் முன் ஓட்டலுக்கே போன் செய்து, "வாசல்ல மெட்ரோ வேலை நடக்குதா, கார் உள்ளே வருமா?" என்று கேட்டுவிடுங்கள். ராத்திரி இயந்திரச் சத்தம் இருக்குமா என்பதையும்.

பஸ்ஸில் வருகிறோம். கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்களே?

2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து தென் மாவட்ட பஸ்களுக்கு அதுதான் முனையம். வண்டலூரை ஒட்டி இருக்கிறது, எழும்பூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஊருக்குள் வர ஆட்டோ, கால் டாக்ஸி வைத்தால் அதிகாலையில் பஸ் டிக்கெட்டுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் கேட்பார்கள்.

வாசலிலேயே மாநகர பஸ் கிடைக்கும். அதில் தாம்பரம் வந்து மின்சார ரயில் ஏறினால் மாம்பலம், எழும்பூர் எல்லாம் சுலபம். மயிலாப்பூர், ஆயிரம் விளக்கு பக்கம் என்றால் கிளாம்பாக்கம் இருக்கிற அதே ஜிஎஸ்டி சாலையில் விமான நிலையத்தில் இறங்கி மெட்ரோ பிடிக்கலாம். சாதாரணக் கட்டண மாநகர பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்பதால் குடும்பமாக வருகிறவர்களுக்குச் செலவும் குறைவு. கிளாம்பாக்கம் பக்கத்திலேயே ரூம் போடட்டுமா என்று கேட்கிறார்கள். வண்டலூர் பூங்காவை மட்டும் பார்க்க வந்தால் போடுங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் டிக்கெட்டில் கடைசி நிலையம் எது என்று பார்த்துவிடுங்கள். கோவை, பெங்களூரு வண்டிகள் சென்ட்ரலுக்கு, தென் மாவட்ட வண்டிகள் எழும்பூருக்கு என்பது பொது வழக்கம். சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும்.

ரயில் காலை ஆறு மணிக்கு வந்துவிடும். ரூம் பன்னிரண்டு மணிக்குத்தான் என்கிறார்கள். என்ன செய்வது?

சென்னை ஓட்டல்களில் இரண்டு வழக்கம் உண்டு. பெரிய ஓட்டல்களில் பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும், ரூம் கிடைப்பது 12 அல்லது 2 மணிக்கு. எழும்பூர், பெரியமேடு, திருவல்லிக்கேணி லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு, அதாவது நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து ஒரு நாள்.

அதிகாலையில் வருகிறவர்களுக்கு 24 மணி நேரக் கணக்குதான் லாபம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சனிக்கிழமை காலை 6 மணிக்கு நுழைகிறீர்கள், ஞாயிறு இரவு 9 மணிக்கு ரயில். மொத்தம் 39 மணி நேரம். 24 மணி நேரக் கணக்கில் இரண்டு நாள் வாடகை ஆகிவிடும். ஞாயிறு காலை 6 மணிக்கே காலி செய்தால்தான் ஒரு நாள் வாடகை, அது யாருக்கும் சரிப்படாது.

பகல் 12 மணி ஓட்டலில் என்றால் ஒரு இரவு வாடகையோடு, முன்கூட்டியே நுழைவதற்கு ஏதாவது கூடுதல் பணம் கேட்பார்கள், ரூம் காலியாக இருந்தால் சும்மாவே விடுவார்கள். ஞாயிறு 12 மணிக்குக் காலி செய்து பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டு ஊர் சுற்றலாம். பெரும்பாலும் இதுதான் மலிவாக முடியும். முந்தைய நாளே போன் செய்து "காலையில ஆறரைக்கு வந்துடுவோம், ரூம் கிடைக்குமா?" என்று கேளுங்கள். ஆப்பில் புக் செய்தாலும் இந்த ஒரு போனைத் தவிர்க்காதீர்கள்.

குளித்து உடை மாற்ற மட்டும் இடம் வேண்டுமென்றால் சென்ட்ரலிலும் எழும்பூரிலும் ரயில் பயணிகளுக்கான ஓய்வறைகள் உண்டு, ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்யலாம். பெட்டியை வைக்க க்ளோக் ரூம் இருக்கிறது, பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள்.

காலை உணவோடு சேர்த்து ரூம் போடலாமா?

குழந்தைகள் இருந்தால் போடுங்கள். மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன். சென்னையில் காலை டிபனை ஓட்டல் பஃபேயில் சாப்பிடுவது, திருநெல்வேலிக்குப் போய் அல்வா சாப்பிடாமல் வருகிற மாதிரி. மூடிபோட்ட பாத்திரத்தில் ஒரு மணி நேரமாகச் சூட்டில் இருக்கிற இட்லியும், ஓரம் காய்ந்த பொங்கலும், மெஷின் காபியும்தான் அங்கே கிடைக்கும். காலை உணவு இல்லாத ரூமுக்கு ஆப்பிலேயே தனி விலை காட்டும், அந்த வித்தியாசத்தில் வெளியே இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம்.

காலை டிபனுக்கு எங்கே போவது?

மயிலாப்பூரில் தங்கினால் கச்சேரி சாலையை ஒட்டிய அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். சிறிய இடம். வெளியே காத்திருந்து, உள்ளே எழுந்தவர்களுக்குப் பதிலாகப் போய் உட்கார வேண்டும். பொங்கல், வடை, இட்லி, காரச் சட்னி, காபி. காலையிலும் மாலையிலும் சில மணி நேரம்தான் நடக்கும், தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். ஏழரைக்கு முன்னால் போனால் நல்லது. கூட்டம் ஒத்துவரவில்லை என்றால் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது. பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை. பெயரே சொல்கிறபடி ஒரு வீட்டு ஜன்னல் வழியாகத்தான் வியாபாரம். தெருவில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், மேசை நாற்காலி கிடையாது. பெரியவர்களுக்கு இது சரிவராது.

திருவல்லிக்கேணியில் ரத்னா கபே, 1948-ல் தொடங்கியது. அங்கே சாம்பார் இட்லிதான் கேட்க வேண்டும். தட்டில் இரண்டு இட்லி வரும், அதன் தலைமேல் சாம்பாரை ஊற்றுவார்கள். இட்லி மூழ்கி நுனி மட்டும் வெளியே தெரியும். ஸ்பூனால் வெட்டி இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் இட்லி பாதிச் சாம்பாரைக் குடித்திருக்கும். உடனே கூஜாவோடு ஆள் வந்து கேட்காமலே இன்னும் ஊற்றுவார். அந்தச் சாம்பார் ஹோட்டல் சாம்பார்களை விடச் சற்று இளகலாக, லேசான தித்திப்போடு இருக்கும். சிலருக்கு அது பிடிப்பதில்லை. எனக்கு இட்லியே சாம்பாருக்குச் சாக்குதான்.

வடகறி ஆசை இருந்தால் சைதாப்பேட்டை மாரி ஓட்டல். சைதாப்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். செட் தோசையோ இட்லியோ வாங்கி, வடகறியைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தங்கினாலும் பக்கத்தில் ஒரு சரவண பவனோ சங்கீதாவோ இருக்கும். அங்கே போவதில் கேவலம் ஒன்றும் இல்லை. வெளியூர்க்காரர்கள் ஏனோ அதை ஒரு தோல்வியாகவே நினைக்கிறார்கள். காலை ஆறரைக்குப் பசியோடு இருக்கிற வயதானவரை வைத்துக்கொண்டு ராயர் மெஸ் வாசலில் நிற்பதை விட அது எவ்வளவோ மேல்.

மதியச் சாப்பாடு?

சைவம் என்றால் திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ். டோக்கன் வாங்கி, எண்ணைக் கூப்பிடும்வரை வெளியே நின்று, பந்தி மாதிரி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இலை போட்டதும் பேச்சுக்கு இடமில்லை, சாப்பாட்டு வேகம் அவர்களுடையது. பொழுதுபோக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட விரும்புகிறவர்கள் ஏதாவது ஏசி ஹால் உள்ள ஓட்டலுக்குப் போவது நல்லது. ஏசி ஹாலில் அதே சாப்பாட்டுக்கு விலை கூட என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீன் என்றால் சேப்பாக்கம் நாயர் மெஸ். கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்துச் சந்தில், 1961-லிருந்து இருக்கிறது. மலையாளச் சமையல். சோறும் மீன் குழம்பும் வந்த பிறகு, வறுத்த மீன் தட்டைக் காட்டுவார்கள், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். வஞ்சிரத் துண்டு பெரியதாக இருக்கும், அதற்குத் தனிக் காசு. மேட்ச் நாளில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

மெஸ்கள் பலவற்றில் ஞாயிறு மதியத்தோடு கடை மூடிவிடும், சிலவற்றில் ஞாயிறு முழுக்க விடுமுறை. மெஸ் சாப்பாட்டைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்வதே நிச்சயமான வழி.

நல்ல பிரியாணி எங்கே? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

ஒரு பெயர் சொன்னால் அடுத்த நிமிடமே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். கடையை விட நேரம் முக்கியம். தம் உடைத்து அண்டா திறக்கிற நேரம் பதினொன்றரை, பன்னிரண்டு. அப்போது போனால் அரிசி உதிரியாக, கறி மேலேயே இருக்கும். மூன்று மணிக்குப் போய்விட்டு "பேர்தான் பெருசு" என்று திட்டுவதில் நியாயம் இல்லை.

என்ன ருசி வேண்டும் என்பதைப் பொறுத்தும் கடை மாறும். சென்னையில் பாய் வீட்டுக் கல்யாண பிரியாணி என்றால் பெரும்பாலும் பாசுமதி அரிசி, கத்தரிக்காய், தயிர் வெங்காயம், கடைசியில் பிரெட் அல்வா. பல்லாவரம் யா மொய்தீன் இந்த வகைக்குப் பேர் வாங்கிய கடை. திண்டுக்கல் தலப்பாக்கட்டியில் சீரகச் சம்பா. மாட்டிறைச்சி பிரியாணிக்கு ஆலந்தூர் சுக்குபாய், மெட்ரோவில் இறங்கினால் பக்கம். அண்ணா சாலை புஹாரி 1951-லிருந்து இருக்கிறது. சிக்கன் 65 அங்கேதான் 1965-ல் பிறந்தது என்பது அவர்கள் சொல்கிற கதை. அந்த 65-க்கு ஊரில் வேறு பத்து விளக்கங்களும் உலவுகின்றன. பிரியாணிக்கு இல்லாவிட்டாலும் அந்தப் பழைய ஓட்டலில் சாயங்காலம் ஒரு சாயா குடிக்கலாம்.

செட்டிநாட்டுச் சமையல், இட்லி கறிக்குழம்பு என்றால் ராயப்பேட்டை பொன்னுசாமி.

சாயங்காலத் தெருச் சாப்பாட்டுக்கு?

சனிக்கிழமை சாயங்காலத்தை வட சென்னைக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வியாபாரத் தெருக்களில் பாதிக் கடை பூட்டியிருக்கும்.

உயர் நீதிமன்றம் மெட்ரோ அல்லது மண்ணடி மெட்ரோவில் இறங்கினால் சௌகார்பேட்டை நடக்கிற தூரம். மின்ட் தெருவில் வடநாட்டு இனிப்பு, சாட், நெய் வழியும் ஜிலேபி. முறுக்கு சாண்ட்விச் என்று ஒன்று போடுவார்கள். ரொட்டிக்குப் பதிலாக இரண்டு தட்டை முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. கையில் எடுத்தால் நொறுங்கும், ஒரே வாயில் போடுவதுதான் வழி. என்எஸ்சி போஸ் சாலையில் சீனா பாய் கடை சாயங்காலத்துக்கு மேல்தான் திறக்கும். சின்ன இட்லிகளின் மேல் பொடியும் நெய்யும், அப்புறம் வெங்காய ஊத்தப்பம். அந்த நெய்யைப் பார்த்தே டாக்டர்கள் மயங்கி விழுவார்கள்.

அங்கிருந்து கடற்கரை ரயில் நிலையம் பக்கம் நடந்தால் பர்மா பஜாருக்குப் பின்புறத் தெருவில் அத்தோ கடைகள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே எடுத்து, முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள் போட்டுப் பிசைந்து கொடுப்பார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்துத் தருவது பேஜோ. கையுறை, ஏசி எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஒத்துவராது.

மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலை மறக்க வேண்டாம். மீன் வறுவல் கடைகளில் மசாலா தடவி அடுக்கியிருக்கிற மீனைப் பார்த்ததும் கையைக் காட்டிவிடாதீர்கள். முதலில் விலை கேளுங்கள், அப்புறம் வாணலியில் எண்ணெய் நிறத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் அடுத்த கடை.

ஒரு வேளை மட்டும் பெரிய ஓட்டலில் சாப்பிட வேண்டும். எது?

தென்னிந்தியச் சமையலே வேண்டும் என்றால் நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலில் உள்ள சதர்ன் ஸ்பைஸ். செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கு பின்னி சாலை கன்னிமாரா ஓட்டலின் ரெயின்ட்ரீ. கன்னிமாரா 1854-ல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கிய இடம், கட்டடத்தைப் பார்க்கவே போகலாம். இரண்டுக்கும் சனிக்கிழமை இரவு என்றால் போனில் மேசை சொல்லி வைத்துவிட்டுப் போக வேண்டும். வரிச் செலவையும் கணக்கில் வையுங்கள், கீழே சொல்கிறேன்.

ஆழ்வார்பேட்டை டிடிகே சாலையில் இருந்த அடையாறு கேட் ஓட்டலில் (பிறகு கிரவுன் பிளாசா) தட்சிண் உணவகத்தில் சாப்பிடலாமா என்று இன்னமும் கேட்கிறார்கள். அந்த ஓட்டல் 2023 டிசம்பரோடு மூடப்பட்டுவிட்டது. அதேபோல உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-லேயே போய்விட்டது, அங்கே இப்போது இருப்பது செம்மொழிப் பூங்கா. பழைய நினைவில் வருகிற மாமாக்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆப்பில் எல்லா ரூமும் அழகாக இருக்கிறது. எப்படி நம்புவது?

ஓட்டல்காரர் போட்ட படத்தை விட்டுவிட்டு, தங்கினவர்கள் போட்ட படங்களை மட்டும் பாருங்கள். குளியலறைப் படம் ஒன்றாவது இருக்கும். தரை மூலையும் குழாய் அடியும் எப்படி இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள், ரூம் எப்படியென்று அதிலேயே தெரிந்துவிடும். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தாண்டி மூன்று நட்சத்திரக்காரர்களைப் படியுங்கள். "ரூம் ஓகே, லிஃப்ட் வேலை செய்யல, வெந்நீர் ஏழு மணி வரைக்கும்தான்" என்று உருப்படியான செய்தி அங்கேதான் இருக்கும். ஆறு மாதத்துக்கு முந்தையது எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நிர்வாகம் மாறியிருக்கும்.

ஜன்னல் இல்லாத ரூம்கள் எழும்பூரிலும் தி.நகரிலும் நிறைய. ஆப்பில் அதைச் சொல்ல மாட்டார்கள். போனில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ரூமுக்குள் போனதும் பெட்டியைத் திறக்கும் முன் ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள். மாற்றித் தரச் சொல்வதாக இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். படுக்கையைக் கலைத்த பிறகு சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

வரி எவ்வளவு வரும்? சர்வீஸ் சார்ஜ் கொடுத்தே ஆக வேண்டுமா?

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது. 7,500-க்கு மேல் போனால் 18 சதவீதம். அதனால் 7,400 ரூபாய் ரூமுக்கும் 7,600 ரூபாய் ரூமுக்கும் உண்மையான வித்தியாசம் இருநூறு இல்லை: முதலாவது வரியோடு 7,770, இரண்டாவது 8,968.

வெளியே சாதாரண ஓட்டல்களில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம். வாடகை அதிகமுள்ள நட்சத்திர ஓட்டல்களுக்குள் இருக்கிற உணவகங்களில் 18 வரும்.

சர்வீஸ் சார்ஜ் அரசு வரி கிடையாது. அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். எடுக்கவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறியவர் நன்றாகக் கவனித்தார் என்றால் அவர் கையிலேயே கொடுங்கள்.

கல்யாணம் ஆகாத ஜோடிக்கு ரூம் தருவார்களா? தனியாக வரும் பெண்களுக்கு?

கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, 2019-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. ஆனாலும் சில லாட்ஜ்கள் தங்கள் விதி என்று மறுப்பதுண்டு. வாசலில் நின்று வாதாடுவதை விட முன்பே போனில் கேட்டுவிடுவது மேல். தங்குகிற பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் வேண்டும். தனியாக வருகிற பெண்கள் சந்துக்குள் இருக்கிற லாட்ஜை விட்டுவிட்டு, மெட்ரோ வாசலுக்கு அருகே, ராத்திரியும் வரவேற்பறையில் ஆள் இருக்கிற ஓட்டலாகப் பாருங்கள். கொஞ்சம் வாடகை கூடினாலும் பரவாயில்லை.

எந்த மாதம் வரலாம்?

ஜனவரி, பிப்ரவரி. மே மாதத்தில் மதியம் வெளியே நடக்க முடியாது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. பணத்தைத் திருப்பித் தருகிற ரூமாகப் போட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தி.நகர் வேண்டாம்.

டிசம்பர் நடுவிலிருந்து மார்கழிக் கச்சேரி சீசன். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை பக்கம் ரூம் கிடைப்பது கஷ்டம், ஒன்றிரண்டு மாதம் முன்பே போட வேண்டும். ஆனால் சாப்பாட்டுக்காக வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது, கச்சேரி நடத்துகிற சபாக்களின் கேண்டீன்கள் இருக்கின்றனவே! மியூசிக் அகாடமி மாதிரி பெரிய சபாக்களில் கச்சேரி டிக்கெட் இல்லாமலே கேண்டீனில் சாப்பிடலாம். மதியம் இலை போட்டுச் சாப்பாடு, மாலையில் டிபன். பல்லவி எந்த ராகம் என்று பக்கத்து மேசையில் நடக்கிற விவாதத்தைக் கேட்டுக்கொண்டே கீரை வடை தின்னலாம், ராகம் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

திரும்பும்போது என்ன வாங்கிப் போவது?

அடையாறு காந்தி நகர் கிராண்ட் ஸ்வீட்ஸில் புளியோதரை, முறுக்கு, பொடி வகைகள். ராத்திரி ரயிலுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் பார்சல் வாங்கிக்கொண்டால் ரயில் சாப்பாட்டை நம்ப வேண்டியதில்லை. தயிர்சாதத்தை முதலில் சாப்பிட்டுவிடுங்கள், புளியோதரை காலை வரை தாங்கும். மயிலாப்பூரில் காபிக்கொட்டை அரைக்கிற கடைகளில் காபித்தூள் வாங்கலாம். சிக்கரி எவ்வளவு என்று அவர்களே கேட்பார்கள், வேண்டாம் என்றாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஃபில்டருக்கு என்று சொல்லி வாங்குங்கள், ரயிலில் பெட்டி முழுக்க மணக்கும் என்பதால் இரண்டு உறையில் கட்டச் சொல்லுங்கள்.